மழை நாளில் மட்டும் நடந்த போர்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது யாராவது வராமல் இருந்தால், அவர்களுக்காகப் பதில் சொல்வது சின்னம்மாவின் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல, அவராக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. பெயர் கூப்பிடுகிற அந்தப் பெரட்டுக் களத்தில் நாங்கள் பால் வெட்டுகிறவர்கள் எல்லோரும் வாளியும் கத்தியுமாக நிற்போம். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பதில் வராத பெயருக்கு அன்றைய வேலை போய்விடும். அவர் அடுத்த பெயருக்கு வாயெடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து சின்னம்மாவின் குரல் வரும்.

“அந்தா வர்றாங்கய்யா. பின்னுக்கு வர்றாங்க.”

பாதையில் ஒரு ஈ காக்கை இருக்காது. ஆனாலும் அவர் கழுத்தை நீட்டி, நெற்றியில் கையை வைத்து, ஆள் கண்ணுக்குத் தெரிவதைப் போலவே பார்ப்பார். அந்தப் பார்வையை நம்பி கணக்கப்பிள்ளையும் பேனாவைத் தூக்கியபடி கொஞ்சம் நிற்பார். அதற்குள் பாதிப் பேர் உண்மையிலேயே ஓடி வந்து சேர்ந்துவிடுவார்கள். நானே எத்தனையோ காலை அப்படித் தப்பியிருக்கிறேன். எனக்கு வாயும் நீளம், தூக்கமும் நீளம்.

ஒருமுறை மேட்டு லயத்துக் கிழவர் ஒருவருடைய பெயருக்குப் பதில் இல்லை. சின்னம்மா வழக்கம்போல, “அந்தா வர்றாருய்யா” என்றார். வந்தது கிழவருடைய மருமகன், துக்கம் சொல்ல. கிழவர் படுக்கையிலேயே போயிருந்தார். அன்றிலிருந்து, செத்தவனையும் பெரட்டுக்குக் கூட்டிவருகிற ஆள் என்று சின்னம்மாவைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“நான் என்ன செய்யட்டும் புள்ள? ஒரு பேரக் கூப்புட்டு யாருமே வாயத் தொறக்காட்டி எனக்கு வயித்தக் கலக்குது” என்றார்.

ருவான்வெல்லை டவுனுக்குப் போகும் பஸ்ஸிலும் இதே கதைதான். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, “அன்ன எனவா, மாத்தயா” என்று கொண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சுவார். அதோ வருகிறார்கள் ஐயா என்று அர்த்தம். யார் வருகிறார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. யாராவது வருவார்கள் அல்லவா, அவர்களுக்காக. கொண்டக்டர் திட்டுவான். அவர் காலை எடுக்கமாட்டார்.

சின்னம்மா என்று கூப்பிட்டேனே தவிர, ரத்த உறவு கிடையாது. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பரா, நடுவில் ஒரே சுவர். புருஷன் காய்ந்த ரப்பர் மரம் முறிந்து விழுந்து எப்போதோ போய்விட்டார். அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ளவும் ஆளில்லை. இருந்தது ஒரே மகன். எனக்கு அவன் தம்பி மாதிரி, அவனுக்கு நான் அக்கா. எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் சின்ன வகுப்புகளோடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் சிங்களப் பள்ளிக்கூடம்தான். நானும் அவனும் அப்படிப் படித்தவர்கள். வீட்டில் தமிழில் சண்டை போட்டுவிட்டு, புத்தகத்தைச் சிங்களத்தில் வாசிக்கிற சாதி நாங்கள்.

தம்பி நன்றாகவே படித்தான். படித்து முடித்துவிட்டு டவுனில் ஹாட்வெயர் கடையில் மூட்டை தூக்கினான். பிறகு ஒரு ஏஜென்சிக்காரன் வந்தான். வெளிநாட்டில் முகாம் சமையலறையில் உதவியாள் வேலை என்றான். அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சின்னம்மாவும் கடைசிவரை சொன்னதில்லை, ‘அந்த ஐஸ் நாடு’ என்பார். தம்பி போனான். வெங்காயம் உரிப்பதாக இரண்டொரு தடவை சிரித்துப் பேசினான். கடைசியாக என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. சின்னம்மாவிடம் போன் இல்லாததால் எல்லாம் எனக்குத்தான் வரும்.

“அம்மா, இங்க யூனிபோமும் துவக்கும் குடுத்துட்டாங்க. பயப்படாதீங்க. சாப்பாடு குடுக்குறாங்க.”

அதோடு சரி. அதற்குப் பிறகு நாங்கள் அவனுக்கு எடுத்த எந்த அழைப்பும் போய்ச் சேரவில்லை. ஏஜென்சிக்காரனின் கடையில் இப்போது பிளாஸ்டிக் சாமான் விற்கிறார்கள்.

சின்னம்மா அழுதார், ஊரே கேட்க அழுதார். பிறகு ஒருநாள் அட்டை கிழிந்த ஒரு தடித்த புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு என் காம்பராவுக்கு வந்தார். தம்பி விட்டுப்போன சிங்கள நாவல். அட்டையில் தலைக்கவசம் போட்ட ஒரு பையன், அவனுக்குப் பின்னால் வானத்தில் இரண்டு நிலா.

“இதுல ஒரு ஆமிக்காரப் பையன் இருக்கான்னு அவன் சொல்லியிருக்கான். ஆமியில என்ன நடக்கும்னு எனக்கு யாரு சொல்லப் போறா? நீ வாசி. எனக்குத் தமிழ்ல சொல்லு.”

“சின்னம்மா, இது நெசக் கத இல்ல. நட்சத்திரத்துல நடக்குற சண்ட. எவனோ குந்திக்கிட்டு இஷ்டத்துக்கு எழுதுனது.”

“ஆமிதானே? எங்க நடந்தா என்ன?”

புத்தகத்தின் நடுவில் ஒரு தாளின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. தம்பி அதுவரைதான் வாசித்திருக்கிறான். சின்னம்மா அந்த மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்குக் கட்டளை போட்டார்: “இது வரைக்கும் வெரசா சொல்லு. இதுக்கு அப்புறம் மெதுவாச் சொல்லு.”

வாசிக்க எங்களுக்குக் கிடைத்தது மழை நாட்கள்தான். மரம் நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. பால் கொட்டாங்குச்சியில் விழாமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகிவிடும். அதனால் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் லயத்துக்குத் திரும்பிவிடுவோம். அன்றைய கூலி போனதால் மற்றவர்கள் முகம் தொங்கிப்போய் நடப்பார்கள். சின்னம்மா மட்டும் எனக்கு முன்னால் ஓடுவார். நான் போய்ச் சேரும்போது அவர் என் வாசல் இஸ்தோப்பில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருப்பார், மடியில் புத்தகம்.

கதை இதுதான். ஒன்பது உலகங்கள், அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு பேரவை. பேரவையில் இரண்டு கட்சி. இரண்டுக்கும் நடுவில் பகை முற்றி, நட்சத்திரம் நட்சத்திரமாகச் சண்டை. ஒரு மூலையில் கல் தோண்டுகிற ஏழை நிலா ஒன்று. வரி கட்ட வழியில்லாததால் வீட்டுக்கு ஓர் ஆளைப் படைக்குக் கொடுக்கிறது. அப்படிப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பையன்தான் நம் ஆள். வாயில் நுழையாத ஒரு பெயர் அவனுக்கு. சின்னம்மா ‘அந்தப் புள்ள’ என்றே சொல்வார்.

எனக்குப் பேரவையின் சூழ்ச்சிகள்தான் பிடித்திருந்தன. யார் யாரைக் காட்டிக்கொடுக்கிறான், எந்தத் தூதன் எந்தக் கோப்பையில் விஷம் வைக்கிறான் என்று நான் குரலை ஏற்றி இறக்கிச் சொல்வேன். சின்னம்மா நடுவில் கையைக் காட்டி நிறுத்துவார்.

“அந்தப் புள்ள இப்ப எங்க?”

“அவன் கப்பல்ல போறான். ஐஸ் உலகத்துக்கு.”

“அங்கயும் ஐஸா?” பிளேன்டீயைக் கீழே வைப்பார். “காலுக்குச் சப்பாத்து குடுத்தாங்களா?”

“அது எழுதல சின்னம்மா.”

“சப்பாத்து குடுத்தத எழுதாம என்னத்தத்தான் எழுதியிருக்கான்?”

பேரவையில் தலைவர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சண்டையை எத்தனை காலம் நடத்துவது, எந்த நிலாவை யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று பேரம் பேசுகிற அத்தியாயம் ஒன்று வந்தது. அதை மட்டும் சின்னம்மா கவனமாகக் கேட்டார்.

“அந்த மேசையில இந்தப் புள்ளையோட நிலாவுலருந்து ஒருத்தனாவது இருக்கானா?”

“இல்ல.”

“அப்ப இது நம்ம சம்பளப் பேச்சுவார்த்தைதான். ஏ.சி ரூம்புல பேசுவாங்க. நமக்கு ரேடியோவுலதான் தெரியும்.”

அலுத்துப்போய் நான் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினால் கண்டுபிடித்துவிடுவார். “சத்தம் ரெண்டா கேட்டுச்சே” என்பார். சிங்களம் வாசிக்கத் தெரியாத மனுஷியை ஏமாற்ற முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மடித்த தாளைத் தாண்டிய அன்று சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இனி அவனுக்கும் தெரியாது. நம்ம ரெண்டு பேரும் அவனவிட முன்னுக்குப் போறோம்” என்றார். எனக்குப் புத்தகத்தைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பில், காணாமல்போனவர்களைத் தேடுகிற ஒரு காரியாலயத்திலிருந்து போன் வந்தது. ஐஸ் நாட்டில் செத்தவர்களின் உடல்கள் சில அடையாளம் தெரியாமல் இருக்கின்றன. அவர்களில் நம்மூர்ப் பிள்ளைகளும் இருக்கலாம். தாய் வந்து ரத்தம் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். நான் வார்த்தையை மென்று மென்று சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

“குடுக்க மாட்டேன்.”

“உண்மை தெரிய வேணாமா சின்னம்மா?”

“என்ன உண்மை? ரத்தத்தக் குடுத்தா, கெடக்குறதுல ஒண்ணக் காட்டி இதான் ஒன் மகன்னு சொல்லிப்புடுவாங்க. அவன் பேரு மேல கோடு போட எங்கையால ரத்தம் கேக்குறாங்க. நீயும் அவங்களுக்குப் பரிஞ்சுக்கிட்டு வாற.”

என்னோடு அவர் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். பெரட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நானும் வீம்புக்காரிதான், போய்ப் பேசவில்லை. போதாக்குறைக்கு மழையும் நின்றுபோனது. எங்கள் பக்கத்தில் மழை இல்லாமல் அவ்வளவு நாள் போவது அபூர்வம். தினமும் வெட்டு, தினமும் பால். லயமே மகிழ்ச்சியாக இருந்தது. சின்னம்மா மட்டும் வாளியோடு போகும்போதும் வரும்போதும் வானத்தைப் பார்த்தார். நாங்கள் கடைசியாக வாசித்த இடத்தில் அந்தப் பையன் பனிப் பள்ளத்துக்குள் துவக்கோடு நின்றுகொண்டிருந்தான், எதிரி வரப்போகிறான் என்று. அவனை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் பால் வெட்டிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் கோயிலில் மாரியம்மனுக்கு முன்னால் சின்னம்மா சத்தமாகவே மழை கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“ஒங்க கதப் பொஸ்தகத்துக்காக எங்க அடுப்பு அணையணுமா? மழ பேஞ்சா நாங்க பட்டினி. ஒங்களுக்கு மனசாட்சி இல்லியா?”

மழை பெய்தால் சின்னம்மாவுக்கும்தான் பட்டினி. முந்தின மாத மழையில் சம்பளம் போய், அவருடைய காம்பராவில் அந்த மாதம் பருப்பு வேகவே இல்லை என்பது சுவர் ஒட்டிய எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் மழை கேட்டார். அன்று என் வீம்பெல்லாம் கரைந்துவிட்டது. நானே போய்க் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மழை வந்தது. வந்த மழை விடவில்லை. நான் வாசிக்கத் தொடங்கினேன். ஐஸ் உலகத்தில் சண்டை மூன்று அத்தியாயத்துக்கு நடந்து ஓய்ந்தது. மிஞ்சிய வீரர்களை வரிசையில் நிறுத்தி அதிகாரி பெயர் கூப்பிடுகிறான். ஒவ்வொருவராக ஆஜர் சொல்கிறார்கள். நம் பையனின் பெயர் வருகிறது. பதில் இல்லை. அதிகாரி மறுபடியும் கூப்பிடுகிறான். பனிக்காற்று மட்டும் வீசுகிறது என்று எழுதியிருந்தது. நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினேன்.

“அந்தா வர்றான்யா” என்றார் சின்னம்மா. “பின்னுக்கு வர்றான்யா.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கழுத்தை நீட்டி, மழை விழுகிற பாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வாசித்தேன். அதிகாரி அந்தப் பெயரில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டான்.

ஆனால் பையன் சாகவில்லை. எதிரியின் சிறைக்கப்பலில் தலையில் அடிபட்டு, பேச்சு வராமல் கிடக்கிறான். பேரவையில் சமாதானம் பேசி, கைதிகளை விடுவதாக முடிவாகிறது. ஒரு நிபந்தனை. ஒவ்வொரு உலகமும் ஆள் அனுப்பித் தன் பிள்ளைகளை அடையாளம் காட்டிக் கூட்டிப்போக வேண்டும். பணக்கார உலகங்களிலிருந்து கப்பல் கப்பலாக வருகிறார்கள். கல் தோண்டுகிற நிலாவிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களிடம் கப்பல் இல்லை. பையன் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறான். கதவை மூடுகிறார்கள்.

“போதும். மூடு” என்றார் சின்னம்மா.

என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிச் சேலைத் தலைப்பில் சுற்றினார். பிறகு கேட்டார்: “கொழும்புக்கு பஸ் காலையில எத்தன மணிக்கு?”

“எதுக்கு சின்னம்மா?”

“ரத்தம் குடுக்க. பேரு கூப்புடுறாங்க புள்ள. நான் இங்கன குந்திக்கிட்டு இருந்தா யாரு பதில் சொல்லுவா? செத்த பொணமோ உசுருள்ள ஆளோ, அவனுக்குன்னு ஒரு ஆளு அங்க போய் நிக்கணும்.”

மறுநாளே போனோம். காரியாலயத்தில் உட்கார நீள வாங்குகள், அவை நிறையத் தாய்மார்கள். பெரும்பாலும் சிங்கள அம்மாக்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு மகனின் படம். எழுத்தர் சிங்களத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவருடைய பெயர் வந்தது. எழுத்தர் தாளைப் புரட்டப் போனார்.

“அன்ன எனவா, மாத்தயா!” சின்னம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தார். சின்னம்மாவின் முறை வந்தபோது ரத்தம் எடுத்த பெண் வலிக்கிறதா என்று கேட்டாள். இன்னும் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் சின்னம்மா.

முடிவு தெரியக் காலமாகும் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த சின்னம்மா, மழைத் தண்ணீர் தேங்கிய ரப்பர் காட்டில் வெறுங்காலோடு பால் வெட்டினார். காலில் ஒரு கீறல் இருந்தது. காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று பெனடோல் மாத்திரையோடு படுத்துக்கொண்டார். கண் மஞ்சளான பிறகுதான் நான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எலிக்காய்ச்சல், சிறுநீரகம் இரண்டையும் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். கடைசியில் சின்னம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான், போன் வந்ததா என்று. வரவில்லை என்றேன். அது உண்மை.

அவரை அடக்கம் செய்த மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில் சின்னம்மாவின் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அத்தனை பேர் நின்றோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான், அவருக்காகச் சொல்ல எங்களில் யாரும் பழகியிருக்கவில்லை. வயிற்றைக் கலக்குகிறது என்று சின்னம்மா சொன்னதன் அர்த்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

நாவலின் மீதியை நானே வாசித்து முடித்தேன். குப்பை. பையன் சிறைக்கப்பலைக் கைப்பற்றி, இரண்டு கட்சியையும் வென்று, ஒன்பது உலகங்களுக்கும் தலைவனாகி அந்த நீள மேசையின் தலைமை இடத்தில் உட்காருகிறான். உட்கார்ந்தவன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, தன் அம்மா எங்கே என்று கேட்கவில்லை. சின்னம்மா கேட்டிருந்தால் எழுதியவனைக் கிழித்திருப்பார்.

போன் அதற்குப் பிறகு ஒரு மழை நாளில் வந்தது. நான் இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

“அம்மா இன்னவாத?” அம்மா இருக்கிறாரா என்று கேட்டது அதே எழுத்தரின் குரல். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே படபடவென்று சொல்லிக்கொண்டு போனார். அந்த உடல்களில் எதுவுமே பொருந்தவில்லை. ஆனால் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பெயர் சொல்ல முடியாத நிலையில் சில பையன்கள் உயிரோடு இருக்கிறார்களாம். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முன்பு எடுத்த ரத்தம் சோதனையிலேயே முடிந்துவிட்டது, பழைய அறிக்கையை அந்த ஆஸ்பத்திரி ஏற்காதாம். அம்மா இன்னொரு தடவை வர வேண்டும். வராதவர்களின் பைலை மூடச் சொல்லியிருக்கிறார்கள்.

“வருவாங்களா, வரமாட்டாங்களா?” என்று சிங்களத்தில் கேட்டார். தாள் புரளும் சத்தம் கேட்டது.

நான் பாதையைப் பார்த்தேன். மழைதான் பெய்துகொண்டிருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. எழுந்து நின்றேன், கையை நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

“அன்ன எனவா, மாத்தயா” என்றேன். “பின்னுக்கு வர்றாங்க.”

கடைசி இரண்டு வார்த்தை தமிழில் வந்துவிட்டது. ஆனாலும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சரி, அப்படியானால் மூடாமல் வைத்திருக்கிறேன் என்றார்.